தேரிக்காட்டுக்காரர்கள் எந்தப் பாலைக்குப் போவது?

டிசம்பரில் நாலு பேராகச் சேர்ந்து வடக்கே பாலைவனத்துக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்ததுமே சாத்தான்குளத்துப் பெரியப்பா கேட்டார்: "மணலப் பாக்கதுக்கா ரெண்டு ராத்திரி ரயில்ல போறிய? நம்ம தேரியில இல்லாத மணலா?" நியாயமான கேள்விதான். செந்தேரியில், அதாவது எங்கள் பக்கத்துச் செம்மணல் காட்டில், பிறந்து வளர்ந்தவருக்கு மணல்மேடும் முள்மரமும் அனலும் புதுசில்லை. மூன்று குளிர்காலம் மூன்று இடத்துக்குப் போய்வந்தவன் என்கிற முறையில் அவருக்கு நான் சொன்னது, அங்கே நம்மிடம் இல்லாத உயிர்கள் சில இருக்கின்றன, அதில் ஒன்று ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்து பிறகு இல்லாமலே போனது, அதைக் கண்ணால் பார்க்க இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறதோ தெரியாது என்பதுதான். கானமயில் என்கிற பெரிய தரைப்பறவையைச் சொல்கிறேன். அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறேன்.

அதற்குப் பிறகு நங்குநேரியிலிருந்து இரண்டு ஆசிரியர்கள், தூத்துக்குடியில் அத்தான் வீட்டார் என்று நிறையப் பேர் இதே கேள்வியோடு வந்துவிட்டார்கள். குஜராத்தா, ராஜஸ்தானா? டூர்காரர்களோடு கும்பலாகப் போவதா, உள்ளூர் வழிகாட்டியை நாமே பேசிக்கொள்வதா? ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் மாதத்தை முடிவு செய்துவிடுங்கள். நம் ஊரில் பிள்ளைகளோடு வெளியூர் என்றாலே மே மாதம்தான். பாலைவனத்துக்கு அந்தக் கணக்கு ஆகவே ஆகாது. நான் கீழே சொல்லப்போகும் கீச்சன் ஊருக்குப் பக்கத்து டவுன் பலோடி, 2016 மே மாதம் 51 டிகிரி செல்சியஸ் பதிவான இடம். வலசை வரும் பறவைகளும் அப்போது அங்கே இருக்காது. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் காலம், அதில் நமக்குத் தோதாக வருவது அரையாண்டு விடுமுறையும் பொங்கலும். அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்துமஸ், புதுவருஷக் கூட்டம் ஜெய்சல்மேரில் முட்டும். பொங்கலில் குஜராத் போனால் அங்கே உத்தராயணப் பட்டத் திருவிழா, ஊரே மொட்டை மாடியில் நிற்கும், மாஞ்சா நூலில் அறுபட்டு விழும் பறவைகளைப் பார்க்க நேர்ந்தால் மனசுக்குக் கஷ்டமாகவும் இருக்கும். முடிந்தால் லீவு போட்டு டிசம்பர் முதல் பாதியிலோ ஜனவரி கடைசியிலோ போங்கள்.

சரி, இடங்களுக்கு வருகிறேன்.

நான் முதலில் போனது குஜராத்தின் சின்ன ரான். காட்டுக்கழுதைச் சரணாலயம் என்று பெயர், கிட்டத்தட்ட 4,950 சதுர கிலோமீட்டர். மணல்மேடு எதுவும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னோடு வந்த ஒருவர் மூன்று நாளும் மணலை எதிர்பார்த்து ஏமாந்தார். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் பெரிய சேற்றுச் சமவெளி அது, பிறகு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நடுநடுவே கொஞ்சம் மேடான திட்டுகள், 'பேட்' என்கிறார்கள், புல்லும் புதரும் அங்கேதான். காட்டுக்கழுதைகள் அந்தத் திட்டுகளைச் சுற்றி மேயும். 1960களில் நோய் வந்து சில நூறாகச் சுருங்கிப்போன இனம், 2024 கணக்கெடுப்பில் 7,672. ஒரு விலங்கு இப்படித் திரும்பி வந்திருக்கிறது என்பதை நேரில் பார்ப்பதற்கே போகலாம். காலை வெயிலில் ஒரு கூட்டம் வெளிர்பழுப்பாக அந்த வெட்டவெளியில் நிற்கும்போது எவ்வளவு அழகான விலங்கு என்று இருக்கும், கழுதை என்ற பெயரே பொருந்தாது.

நம் ஊர்க்காரர்களுக்கு அங்கே இன்னொன்றும் மனசில் ஒட்டும். உப்பளம். தூத்துக்குடி, ஆறுமுகநேரி பக்கம் பாத்தியில் உப்பு வாருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே அகரியா மக்கள் மழை முடிந்ததும் குடும்பத்தோடு ரானுக்குள் போய்க் குடிசை போட்டு, பூமிக்கடியிலிருந்து உவர்நீரை இறைத்து, கோடை முடியும்வரை உப்பு விளைவிக்கிறார்கள். வழிகாட்டி நல்லவராக இருந்தால் அவர்கள் குடிசையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வரலாம். பறவைகளும் குறைவில்லை: நீர் தேங்கிய இடங்களில் பூநாரை இரண்டு வகையும், கூழைக்கடா, சாம்பல் நிறத்தில் கூட்டம் கூட்டமாகக் குர்ஜா கொக்குகள், அந்தி நேரத்தில் புல்லில் உட்கார்ந்திருக்கும் குட்டைக்காது ஆந்தை, அப்புறம் பாலைநரி. நம் பக்கத்து நரிக்கு வால்நுனி கறுப்பு, பாலைநரிக்கு வெள்ளை, அதை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். திரும்பும் வழியில் நல்சரோவர் ஏரியில் ஒரு காலை படகில் போனால் நீர்ப்பறவைக் கணக்கும் முடிந்தது, ஆனால் கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்தை அடிக்கடி பார்க்கிறவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு அந்தக் காலையையும் ரானுக்கே கொடுக்கலாம் என்பது என் எண்ணம். பட்டைத்தலை வாத்தும் கரண்டிவாயனும் நமக்கு நங்குநேரியிலிருந்து கூப்பிடு தூரம்.

போக்குவரத்தில் குஜராத்தை அடிக்க ஆளில்லை. திருநெல்வேலி ஜங்ஷனிலேயே ஏறலாம், காந்திதாமுக்கு ஒரு ரயில், ஜாம்நகருக்கு ஒரு ரயில், இரண்டும் அகமதாபாத் வழியாகத்தான். கொங்கன் பாதையில் போகிற ரயில் என்பதால் வழியெல்லாம் பச்சை. அகமதாபாத்திலிருந்து தசாடா, சைனாபாத் பக்கம் சுமார் 100 கிலோமீட்டர்தான், காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வயசானவர்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே சின்ன ரானைத்தான் சொல்வேன். தரை சமம், ஜீப்பில் குலுங்கல் குறைவு, எதையும் காணாமல் திரும்ப வாய்ப்பே இல்லை. ஜூன் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை மூடியிருக்கும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, அதே காந்திதாம் ரயிலில் கடைசி வரை போய், அங்கிருந்து 60 கிலோமீட்டரில் இருக்கும் பூஜ் நகரத்தில் தங்கி, பன்னி புல்வெளியையும் சாரி தந்த் ஈரநிலத்தையும் பார்ப்பது. இது கொஞ்சம் கைதேர்ந்தவர்களுக்கான இடம். ஹைபோகோலியஸ் என்று ஒரு பறவை, கொண்டைக்குருவி அளவில் சாம்பல் நிறம், ஆணுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. இந்தியாவில் அதை நம்பிப் பார்க்கலாம் என்றால் கட்ச் பகுதியில் உகாய் மரங்கள் நிற்கும் சில இடங்கள்தான். வருஷக்கணக்காகப் பட்டியல் எழுதுகிறவர்கள் அந்த ஒரு பறவைக்காகவே பூஜ் வருகிறார்கள். புதிதாகத் தொலைநோக்கி வாங்கினவருக்கு அதன் அருமை தெரியாது, அவருக்கு அது இன்னொரு சாம்பல் குருவி. பன்னியில் என்னை வருத்தியது சீமைக்கருவேலம். நம் குளங்களைப் பிடித்த அதே மரம் அந்தப் புல்வெளியையும் பிடித்துக்கொண்டு போகிறது, 'காண்டோ பாவள்', அதாவது பைத்தியக்காரக் கருவேலம் என்று அங்கே சொல்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு நம் ஊர் அனுபவம் அப்படியே இருந்திருக்கிறது.

மூன்றாவது ஜெய்சல்மேர். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பாலைவன தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர், ஜெய்சல்மேர், பாட்மேர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. பூங்கா என்றாலும் உள்ளே ஊர்கள் இருக்கின்றன, ஆடு மாடு மேய்கிறது, ஒட்டகம் நடுரோட்டில் நிற்கிறது. சம் என்கிற ஊரின் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி, கூடாரம், பாட்டுக் கச்சேரி என்று நடக்கும் சுற்றுலாவுக்கும் இந்தப் பயணத்துக்கும் சம்பந்தமில்லை, பறவைக்காரர்கள் அங்கே தங்கினால் ராத்திரி ஸ்பீக்கர் சத்தத்தில் தூக்கம் போகும், விடியக்காலை கிளம்ப முடியாது. பூங்காவின் முக்கால்வாசி மணல்மேடே இல்லை. சரளைத்தரை, சேவண் புல், எருக்கு, அங்கங்கே வன்னி மரம். ஆமாம், நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னிதான், அங்கே கேஜ்ரி. 1730இல் கேஜர்லி ஊரில் அந்த மரத்தை வெட்ட வந்தவர்களைத் தடுத்து 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். வன்னிக்காய் வற்றலைத்தான் 'சாங்ரி' என்று சமைத்துப் போடுகிறார்கள், கம்பு ரொட்டியோடு நன்றாக இருக்கும். ஊர்ப் பொதுவில் சாமிக்கென்று விட்டுவைத்த மேய்ச்சல் காடுகளை 'ஒரான்' என்கிறார்கள், அங்கே மரம் வெட்டக் கூடாது. தேரியில் கற்குவேல் அய்யனார் கோயிலுக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கும் போய்வந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த நிலத்தில்தான் கானமயில் இருக்கிறது. உலகத்திலேயே 150க்கும் குறைவாகத்தான் மிச்சம், அதில் பெரும்பகுதி ஜெய்சல்மேர் மாவட்டத்தில். ஆண் பறவை ஒரு மீட்டர் உயரம், 15 கிலோ வரை எடை. வழக்கமாக ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறுந்தரையில். வேட்டையிலும் மேய்ச்சல் நிலம் அழிந்ததிலும் போனது போக, இப்போது அதைக் கொல்வது மின்கம்பி. கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே உள்ள கம்பி தெரியாது, தெரிந்தாலும் அந்தக் கனத்தில் சட்டென்று திரும்ப முடியாது. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது, 2024இல் அதைத் தளர்த்திவிட்டது. கயத்தாறிலும் ராதாபுரத்திலும் காற்றாலைக் காட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு ஜெய்சல்மேரில் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் வரிசையாக நிற்பது புதுக் காட்சி இல்லை. அந்த மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்தக் கம்பிகளுக்கு அடியில் நின்றுகொண்டு தூரத்தில் புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து மெதுவாக நகர்வதைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. சம் ஊரில் 2019 முதல் வனத்துறையும் இந்திய வனவிலங்கு நிறுவனமும் குஞ்சு பொரித்து வளர்க்கும் மையம் நடத்துகிறார்கள், 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சும் வந்தது. அந்தக் குஞ்சுகளின் தலைமுறையைத் திறந்தவெளியில் விட, வெளி மிச்சமிருக்க வேண்டும்.

கானமயிலை மட்டும் நம்பிப் போகாதீர்கள், பாதிப் பேருக்குக் கிடைக்காது. எங்களுக்கே மூன்றாம் நாள் காலைதான், அதுவும் பத்து நிமிஷம். ஆனால் மீதி இருக்கிறதே! சிங்காரா மான், முள்வால் ஓணான், தண்ணீருக்கு வரிசையாக வந்து இறங்கும் கல்கௌதாரிகள், ஒரே மரத்தில் மூன்று வகைப் பாறு கழுகு, மண்நிறத்தில் கண்ணெதிரே நின்றாலும் தெரியாத வானம்பாடிகள். சிங்காரா மானுக்கும் கல்கௌதாரிக்கும் காத்திருக்கும் நேரத்தில் கானமயில் வந்தால் வரட்டும் என்று இருந்தால் பயணம் நிறைவாக இருக்கும்.

ஜெய்சல்மேர் பயணத்துக்கு இன்னொரு பலம், அதோடு கீச்சனையும் ஜோர்பீரையும் கோத்துக்கொள்ளலாம் என்பது. கீச்சன் (நம் கீச்சான் குருவி பெயர் மாதிரியே இருக்கிறது என்று நான் மறக்கவே மாட்டேன்) பலோடிக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே ஊர்க்காரர்கள் பல வருஷமாகத் தானியம் போட்டுப் போட்டு, மத்திய ஆசியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் வரும் குர்ஜா கொக்குகள் ஆயிரக்கணக்கில் காலையில் ஊருக்குள்ளேயே இறங்குகின்றன. சத்தம் காதை அடைக்கும். 2025இல் ராம்சார் இடமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்கள். நம் கூந்தன்குளத்தில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கும் மக்களை நினைத்துக்கொண்டேன், அந்தப் பெரியவர்களை இங்கே ஒரு தடவை கூட்டிவர வேண்டும் என்று இருந்தது. ஜோர்பீர் பிகானேரை ஒட்டி, செத்த மாடு, ஒட்டகங்களைக் கொண்டுபோய்ப் போடும் இடம். நாற்றம் தாங்காது, உண்மை. ஆனால் கழுகுகளும் பாறுகளும் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு எண்ணிக்கையில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இதன் கஷ்டம் தூரம். மதுரையிலிருந்து பிகானேருக்கு வாராந்திர அனுவிரத் ரயில் உண்டு, அதில் போய் ஜோர்பீரில் ஆரம்பித்துக் கீச்சன் வழியாக ஜெய்சல்மேரில் முடிப்பதுதான் நல்ல வரிசை. போகவர ரயிலோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நாள் ஒதுக்க வேண்டும். விமானத்தில் போனால் நாள் குறையும், காசு கூடும்.

தால் சாப்பர் என்று ஒரு பெயரும் டூர் பட்டியலில் அடிக்கடி வரும். சின்னப் புல்வெளி, வெளிமான் மந்தை மந்தையாக இருக்கும், சாயங்காலம் பூனைப்பருந்துகள் அடையும். பிகானேர் வழி போகிறவர்கள் ஒரு நாள் எட்டிப் பார்க்கலாம். அதற்கென்று தனியாக நம் ஊரிலிருந்து போகச் சொல்ல மாட்டேன், வெளிமானுக்கு வல்லநாடு இருக்கிறது.

இனி யாரோடு போவது. என் கணக்கில் இடத்தைவிட இதுதான் பெரிய முடிவு. முதல் பயணத்தில் நான் ஒரு டூர்காரரிடம் மொத்தமாகப் பணம் கட்டி, பதினெட்டுப் பேர் கும்பலோடு ரானுக்குப் போனேன். சாப்பாடு, தங்கல் எல்லாம் சரியாக இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஜீப்பில் ஏழு பேர், அதில் நாலு பேருக்குப் படம்தான் முக்கியம், கழுதைகள் ஓடினால்தான் படம் நன்றாக வரும் என்று டிரைவரை விரட்டச் சொன்னார்கள், அவரும் விரட்டினார். ஒரு குட்டி தாயை விட்டுப் பிரிந்து வேறு பக்கம் ஓடியது. வண்டியை நிறுத்தச் சொல்லி நான் கத்தின பிறகுதான் நிறுத்தினார்கள். இன்றைக்கும் அந்தக் குட்டி கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு அப்படிப் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஜெய்சல்மேருக்கு நாலே பேர், பூங்காவை ஒட்டிய கிராமத்துக்காரர் ஒருவரை நேரடியாகப் பேசிக்கொண்டோம். ஆடு மேய்த்து வளர்ந்தவர். காலடித் தடத்தைப் பார்த்து இது பாலைப்பூனை, இது நரி, இது நேற்று ராத்திரி என்று சொல்வார். ஒரு மணி நேரம் வண்டியை அணைத்துவிட்டுச் சும்மா உட்காரச் சொல்வார். பாதையை விட்டு இறங்க மாட்டார், பறவைக் குரலை போனில் போட்டு வரவழைக்க மாட்டார். ஹிந்தி தெரியாதே என்று பயந்தோம், அந்தப் பயம் அரை நாளில் போய்விட்டது, ஏனென்றால் பறவைப் பெயர்கள் அவருக்கும் ஆங்கிலத்தில்தான், நமக்கும் ஆங்கிலத்தில்தான், மீதிக்குக் கை போதும். ஒழுங்கான டூர்காரர்களும் இருக்கிறார்கள், ஆறு பேருக்கு மேல் சேர்க்காமல் பறவை தெரிந்தவரையே கூட அனுப்புகிறவர்கள். முதல் தடவை, தனியாக ஏற்பாடு செய்யத் தயக்கம் என்றால் அவர்களோடு போங்கள், செலவு கூடும். எதுவானாலும் போனில் கேட்க வேண்டியது: ஒரு வண்டியில் எத்தனை பேர், ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி) கொண்டுவருவாரா, ஒரே இடத்தில் எத்தனை காலை. "கானமயில் கண்டிப்பா காட்டுறேன்" என்று சொல்பவரை விட்டுவிடுங்கள், அந்த வாக்கைக் காப்பாற்ற அவர் பறவையை விரட்டித்தான் ஆக வேண்டும்.

ஸ்கோப்பைப் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வெட்டவெளியில் பறவைகள் தூரத்திலேயே எச்சரிக்கையாகிவிடும், 8x42 தொலைநோக்கி மட்டும் போதாது. பத்து மணிக்கு மேல் கானல் எழும்பி எல்லாம் நெளிய ஆரம்பித்துவிடும், பிறகு ஸ்கோப் இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் ஐந்து மணிக்கு எழுந்து கிளம்பாத ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஜனவரி விடியலில் திறந்த ஜீப்பில் அடிக்கும் குளிர் நமக்குப் பழக்கமே இல்லாதது, குரங்குக் குல்லாவும் கையுறையும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, குடும்பத்தோடு ஒரு வாரம் என்றால் சின்ன ரான். பத்து நாளுக்கு மேல் ஒதுக்க முடிகிற, பறவைக்காகவே போகிற நாலு பேர் என்றால் யோசிக்காமல் பிகானேர், கீச்சன், ஜெய்சல்மேர். சின்ன ரானும் பூஜும் இன்னும் பத்து வருஷம் கழித்துப் போனாலும் பெரும்பாலும் இப்படியே இருக்கும், கானமயிலைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

எதற்குப் போவதானாலும் முன்னால் இரண்டு காலை நம் தேரிக்குப் போய்விட்டு வாருங்கள். குதிரைமொழித் தேரியிலோ இட்டமொழிப் பக்கத்திலோ விடியலில் உடைமரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பழகினால், ஆள்காட்டி எப்போது கத்துகிறது, கண்கிலேடி எப்படித் தரையோடு தரையாகப் படுக்கிறது, வானம்பாடியைக் கண்ணால் தேடுவதா காதால் தேடுவதா என்பதெல்லாம் பிடிபடும். விசிறிக்கழுத்து ஓணானையும் பாருங்கள், அதில் ஒரு வகைக்கு 2016இல் அறிவியல் பெயரிலேயே 'விசிறி' என்ற நம் சொல்லை வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம், புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். பெரியப்பாவைப் போன வாரம் தேரிக்குக் கூட்டிப்போனேன். ஐம்பது வருஷமாக நடந்த தடத்தில் முதல்முறையாகத் தொலைநோக்கியை வாங்கி ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து போவதை அது மறைகிற வரைக்கும் பார்த்தார். அப்புறம் பிகானேர் ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்குமா என்று கேட்டார்.